மறுமொழி: ‘நேரலை அறிமுகம்’ வேண்டாம், அவையறிமுகம், தொகுப்பறிமுகம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வீடியோ கேம் நிறுவனங்கள் புது விளையாட்டுகளை இரண்டு முறைகளில் அறிவிக்கின்றன: கூட்டத்தின் முன் மேடையில், அல்லது முன்பே எடுத்த காணொளியில். இவற்றுக்குப் பெயர் தேடிய இந்த இழை, மேடைக்கு ‘நேரலை அறிமுகம்’, காணொளிக்கு ‘காணொளி அறிமுகம்’ என்ற இணையில் வந்து நிற்கிறது. பலர் சரி என்று சொல்லிவிட்டீர்கள். எனக்கு ஒப்புதல் இல்லை.

2025 ஏப்ரல் 2 அன்று ஜப்பானிய விளையாட்டு நிறுவனமான நிண்டெண்டோ தன் ஸ்விட்ச் 2 விளையாட்டுக் கருவியைப் பற்றி ஒரு டைரக்ட் (அதன் அறிவிப்புக் காணொளிக்கு அந்தப் பெயர்) வெளியிட்டது. நம் நேரம் மாலை ஆறரை. உலகம் முழுக்க ஒரே நேரத்தில் ஓடியது, ஓடும்போது யாராலும் முன்னால் தள்ளிப் பார்க்க முடியாது. அதனால் அன்று எழுதிய குறிப்பில் நானும் ‘நேரலை’ என்றே போட்டேன். ஆனால் அது முன்பே படம்பிடித்து வெட்டி ஒட்டி முடித்த படம். ஒளிபரப்புதான் நேரலை, நிகழ்ச்சி இல்லை. மேடையில் நடப்பதும் யூடியூபில் நேரலையாகத்தான் வருகிறது. இரண்டுக்கும் பொருந்தும் சொல்லை வைத்து இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

எதிரே ஆட்கள் இருக்கிறார்களா என்பதுதான் வேறுபாடு. 1995 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் ஈ3 என்ற வீடியோ கேம் கண்காட்சி முதல்முறையாக நடந்தது. சேகா தன் சாட்டர்ன் கருவிக்கு 399 டாலர் என்று அறிவித்தது. பிறகு சோனியின் முறை வந்தபோது அதன் அமெரிக்க விளையாட்டுப் பிரிவின் தலைவர் ஸ்டீவ் ரேஸ் மேடையேறி, போட்டிக் கருவியான பிளேஸ்டேஷனின் விலையாக ‘299’ என்று ஓர் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப்போனார். கைதட்டல் எழுந்தது. அதே எண் ஒரு காணொளியில் எழுத்தாக வந்திருந்தால் விலைப்பட்டியலில் ஒரு வரி, அவ்வளவுதான். 2004-இல் அதே கண்காட்சியில் புது செல்டா விளையாட்டின் முன்னோட்டம் முடிந்ததும் செல்டாவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ கையில் வாளும் கேடயமுமாக மேடைக்கு வந்தார். அந்தப் பதிவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது. வாளால் அல்ல, கூட்டம் எழுப்பும் ஆரவாரத்தால்.

கூட்டம் எதிராகவும் திரும்பும். 2018-இல் பிளிஸ்கானில் (பிளிசார்ட் நிறுவனம் தன் ரசிகர்களுக்கு நடத்தும் விழா), கணினியில் ஆடிப் பழகிய டையாப்லோ வரிசையில் கைப்பேசி விளையாட்டு ஒன்றை அறிவித்தார்கள். கேள்வி நேரத்தில் ஒலிவாங்கி முன் வந்த ரசிகர் ஒருவர், இது காலம் தப்பிய ஏப்ரல் முட்டாள் தின விளையாட்டா என்று மேடையில் இருந்தவர்களிடமே கேட்டுவிட்டார். முன்பே எடுத்த படமாக இருந்தால் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

இதற்குத் தமிழில் சொல் தயாராக இருக்கிறது: அவை. திருக்குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள். எதிரே இருப்பவர்கள் ஏற்கலாம், மறுக்கலாம் என்ற உணர்வு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே மேடை நிகழ்ச்சிக்கு ‘அவையறிமுகம்’ என்பது என் பரிந்துரை.

‘அரங்கேற்றம்’ என்று அக்கா ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல், இரண்டு நாள் நானும் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அரங்கேறுவது கற்றுத் தேர்ந்த கலை, எழுதி முடித்த நூல். இங்கே பாதி வேலைகூட முடியாததையும் காட்டுவார்கள். மெட்ராய்டு பிரைம் 4 விளையாட்டை 2017-இல் வெறும் பெயர்ச்சின்னமாக அறிவித்து, 2019-இல் வேலையை முதலிலிருந்து தொடங்கினார்கள். அதை அரங்கேற்றம் என்றால் சொல்லுக்குத்தான் குறை.

அடுத்தது காணொளிப் பக்கம். இங்கே இடறல்கள் அதிகம். ‘காணொளி விளையாட்டின் காணொளி அறிமுகம்’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். விக்கிப்பீடியா வழக்கில் ‘நிகழ்பட ஆட்டத்தின் நிகழ்பட அறிமுகம்’. அதே தடுமாற்றம். முன்பே பதிவு செய்தது என்ற பொருளில் ‘முன்பதிவு’ என்றால் ரயில் டிக்கெட் நினைவு வரும். விளையாட்டுக்கு முன்பணம் கட்டுவதையும் அப்படித்தான் சொல்கிறோம். ‘திரையறிமுகம்’ புதுமுக நடிகர்களுக்குப் போய்விட்டது. ‘டைரக்ட்’ என்று நிண்டெண்டோ வைத்த பெயரையே ‘நேரடி’ என்று மொழிபெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். 2011 அக்டோபரில் தொடங்கிய அந்த நிகழ்ச்சிகளில், வெள்ளைப் பின்னணியில் நின்ற அந்நிறுவனத்தின் அன்றைய தலைவர் சடோரு இவாடா இரு கைகளையும் நம்மை நோக்கி நீட்டி ‘நேராக உங்களுக்கே’ என்பார். நடுவில் பத்திரிகையாளர் யாரும் இல்லை என்பது அவர் சொன்ன பொருள். தமிழில் ‘நேரடி நிகழ்ச்சி’ என்றாலோ நாம் நேரில் போய் உட்கார்ந்து பார்ப்பது!

என் பரிந்துரை ‘தொகுப்பறிமுகம்’. பல முன்னோட்டங்களைக் கோத்துத் தருவதால் தொகுப்பு. படத்தொகுப்பு மேசையில் உருவாவதாலும் தொகுப்பு. அப்புறம், இவாடா போல ஒருவர் இடையிடையே வந்து பேசுகிறாரே, அவரையும் நாம் தொகுப்பாளர் என்றுதான் சொல்கிறோம்.

எழுதிப் பார்த்தேன்: ‘2013-இல் நிண்டெண்டோ ஈ3-இன் பெரிய அவையறிமுகத்தைக் கைவிட்டுத் தொகுப்பறிமுகத்துக்கு மாறியது. 2019-இல் சோனியும் ஈ3-க்கு வராமல் ஸ்டேட் ஆஃப் பிளே என்ற தொகுப்பறிமுகத்தைத் தொடங்கியது. 2023 டிசம்பரில் ஈ3 நிரந்தரமாக முடிந்ததாக அறிவித்தார்கள்.’ தடையில்லாமல் ஓடுகிறது. ‘நேரலை’ என்று இரண்டையும் ஒரே கூடையில் போட்டிருந்தால் இந்த வரலாற்றைத் தமிழில் சொல்லவே வழியில்லை.

ஒன்றில்தான் எனக்கு இன்னும் தயக்கம். தி கேம் அவார்ட்ஸ் என்ற வீடியோ கேம் விருது விழா மேடையில் அரங்கு நிறையக் கூட்டம் இருக்கிறது, ஆனால் காட்டுவதில் பெரும்பகுதி முன்பே தயாரான முன்னோட்டங்கள். கூட்டம் இருப்பதால் அவையறிமுகம் என்பேன். வேறு கருத்து இருந்தால் எழுதுங்கள். ‘தொகுப்பு’ அங்கே எப்படி ஒலிக்கிறது என்று இலங்கை நண்பர்களும் சொன்ன பிறகு விக்சனரி என்ற இணைய அகராதியில் சேர்க்கலாம்.