ஃபீனம் 2 எக்ஸ்2 555: நான்காவது கோர் மட்டும் தகராறு

வணக்கம் நண்பர்களே. ஏஎம்டி ஃபீனம் 2 எக்ஸ்2 555 பிளாக் எடிஷன் என்ற இரண்டு கோர் பிராசசரில், பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங் திரை) ஏசிசி என்ற, முடங்கிய கோர்களைத் திறக்க உதவும் வசதியை ஆன் செய்து, தயாரிப்பிலேயே முடக்கியிருந்த இரண்டு கோர்களையும் திறந்தேன். விண்டோஸ் நான்கையும் காட்டுகிறது. ஆனால் பிராசசருக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் பிரைம்95 மென்பொருளை ஓடவிட்டால் நான்காவது கோரில் மட்டும் பிழை வந்து நின்றுவிடுகிறது. மற்ற மூன்றும் அசராமல் ஓடுகின்றன. மல்டிப்ளையர் (200 மெகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகத்தைப் பெருக்கும் எண்) இன்னும் 16தான், அதாவது 3.2 கிகாஹெர்ட்ஸ்.

வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றினால் அந்தக் கோர் நிலைக்குமா, இல்லை அது நிஜமாகவே பழுதானதா? கோர்களைத் திறந்தபின் வெப்பநிலை சரியாகக் காட்டாது என்பதால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றத் தயக்கமாக இருக்கிறது. நான்காவது கோரை விட்டுவிட்டு, மூன்று கோரோடு மல்டிப்ளையரை 18 ஆக்கி 3.6க்குப் போகலாமா? வீடியோ ரெண்டர் பாதியில் நிற்காமல் இருப்பதுதான் எனக்கு முக்கியம். இதே சிப்பைத் திறந்து ஓட்டியவர்கள் உங்கள் பயாஸ் செட்டிங்கைச் சொல்லுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.