மதியக் கச்சேரி விமர்சனத்தில் குறையை எழுதலாமா?

கடைசி வரிசை:
சென்னையிலிருந்து வெளிவரும் ஓர் இணைய இதழுக்காக இந்த மார்கழியில் கச்சேரி விமர்சனங்கள் எழுதி வருகிறேன். மயிலாப்பூர் சபா ஒன்றில் மதிய வேளையில் பாடிய ஓர் இளம் பாடகியைப் பற்றி நான்கு பத்திகள் அனுப்பினேன். மூன்று பத்திகள் அவருடைய பாடாந்தரத்தையும் (குருவிடம் கற்ற பாட முறை) உருப்படித் தேர்வையும் (பாடல்களின் தேர்வு) பாராட்டின. நான்காவது பத்தி, காம்போதி ராக ஆலாபனையிலும், பாடலின் ஒரு வரியைப் பலவிதமாக விரித்துப் பாடும் நிரவலிலும் கேட்ட குறைகளைச் சொன்னது. இதழில் நான்காவது பத்தி இல்லை. கேட்டதற்கு, வளரும் கலைஞர்களின் குறைகளை வெளியிடுவதில்லை என்பது தங்கள் வழக்கம் என்று ஆசிரியர் சொன்னார்.

அந்த வழக்கம் தவறு என்பது என் கருத்து. குறையை நீக்கிய பிறகு எஞ்சும் பாராட்டு, நான் எழுதிய பாராட்டாக இல்லை. கச்சேரி முழுவதும் அப்படியே அமைந்தது என்று வாசகர் எடுத்துக்கொள்வார். வர்ணத்தில் தொடங்கினார், அடுத்து இன்ன ராகம் பாடினார், பக்கவாத்தியங்கள் பக்கபலமாக அமைந்தன என்று எழுதினால் அது உருப்படிப் பட்டியல்தான், அதைச் சபாவே அச்சிட்டுக் கொடுத்துவிடலாம். கேட்டவர் தம் பெயரைப் போட்டு, இது நன்றாக இருந்தது, இது நன்றாக இல்லை, காரணம் இது என்று சொல்லாத எழுத்தை விமர்சனம் என்ற தலைப்பின் கீழ் வெளியிடக் கூடாது.

மாடவீதி:
தம்பி, உங்கள் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஆசிரியர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். நான் பாட்டு சொல்லிக்கொடுப்பவள். என் மாணவிகளும் இந்த மதிய மேடைகளில் பாடுகிறார்கள்.

அந்த மேடை எப்படிப்பட்டது என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான சபாக்களில் மதியக் கச்சேரிக்கு அனுமதி இலவசம். கிடைப்பது ஒன்றரை மணி நேரம். முந்தைய கச்சேரி முடிந்து திரை விழுந்ததும் அவசரமாக மேடை ஏறி, ஒலிபெருக்கியைச் சோதிக்கக்கூட நேரமில்லாமல், தன் குரல் தனக்கே சரியாகக் கேட்காத நிலையில் ஒரு பெண் பாடத் தொடங்குகிறாள். முன்பெல்லாம் இப்படி ஒரு குறை அச்சில் வந்தால் அடுத்த வாரம் அந்தத் தாள் பழசாகிவிடும். இன்று அவள் பெயரைக் கூகுளில் இட்டுத் தேடும் ஒவ்வொரு சபாச் செயலருக்கும், பத்து ஆண்டுகள் கழித்தும், உங்கள் நான்காவது பத்தி முதலில் வந்து நிற்கும். அவளுடைய குரல் மாறியிருக்கும், ஞானம் வளர்ந்திருக்கும்; எழுத்து மட்டும் அப்படியே இருக்கும்.

கல்கி 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதியதையும், மார்கழி இசை சீசனுக்குச் சென்னை வந்து விமர்சகர் சுப்புடு எழுதியதையும் இங்கே யாராவது நினைவூட்டுவீர்கள். அவர்களுடைய கடுமை பேசப்பட்டதெல்லாம் பெரிய வித்வான்களைப் பற்றி எழுதியபோதுதான். புகழின் உச்சியில் இருப்பவர் ஒரு கடுமையான பத்தியைத் தாங்குவார். முதல் மூன்று சீசன்களில் இருப்பவர் தாங்க மாட்டார்.

பழைய மேசை:
செய்தித்தாள் அலுவலகத்தில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்வியைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதைச் சொன்னால் விவாதத்துக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன், ஏனெனில் விமர்சனம் எழுதும் கலைக்கே அதில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது.

1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் அவதூறு பற்றிய 499-ஆம் பிரிவுக்குப் பத்து விதிவிலக்குகள் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவிலும் அவை தொடர்கின்றன. ஆறாவது விதிவிலக்கு விமர்சகர்களுக்காகவே எழுதப்பட்டது போன்றது: ஒருவர் தம் படைப்பையோ நிகழ்ச்சியையோ பொதுமக்களின் தீர்ப்புக்கு முன்வைத்துவிட்டால், அதன் தரத்தைப் பற்றி நல்லெண்ணத்துடன் கருத்துச் சொல்வது அவதூறு ஆகாது. புத்தகம் வெளியிடுபவர், பொதுவில் உரை நிகழ்த்துபவர், மேடையில் நடிப்பவர், பாடுபவர் எல்லோரும் அதற்கு உதாரணமாகச் சொல்லப்பட்டிருக்கிறார்கள். அனுமதிச் சீட்டு இலவசமா, விலைக்கு விற்கப்பட்டதா என்று சட்டம் கேட்பதில்லை. மேடை ஏறியதே தீர்ப்புக்கு இசைந்ததற்கு அடையாளம்.

அடுத்து வரும் இரண்டு உதாரணங்களை ஒவ்வொரு பயிற்சிப் பத்திரிகையாளரும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பேன். ஒருவர் எழுதிய புத்தகத்தைக் குறித்து, "இந்தப் புத்தகம் அசட்டுத்தனமானது, ஆகவே எழுதியவர் பலவீனமான மனிதராகத்தான் இருக்க வேண்டும்" என்று எழுதினால் அது விதிவிலக்குக்குள் வரும். "புத்தகம் அசட்டுத்தனமாக இருப்பதில் வியப்பில்லை, ஏனெனில் எழுதியவர் பலவீனமான மனிதர்" என்று எழுதினால் வராது. முதல் வாக்கியம் புத்தகத்திலிருந்து புறப்பட்டு, புத்தகம் காட்டும் அளவுக்கு மட்டும் ஆளைத் தொடுகிறது. இரண்டாவது, ஆளைப் பற்றி ஏற்கெனவே வைத்திருந்த முடிவிலிருந்து புறப்பட்டுப் புத்தகத்துக்கு வருகிறது. சொற்கள் ஏறத்தாழ ஒன்றுதான். புறப்படும் இடம் வேறு.

ஆகவே குறையை எழுதலாமா என்று கேட்பதைவிட, எழுதிய குறை காதில் விழுந்ததிலிருந்து புறப்பட்டதா என்று கேட்பதே பொருத்தம். அதைச் சரிபார்ப்பதுதான் ஆசிரியர் மேசையின் வேலை. பத்தியை முழுதாக வெட்டுவது எளிது; வாக்கியம் வாக்கியமாகப் படித்து, எழுதியவரை அழைத்துப் பேசுவதற்கு நேரமும் பொறுப்பும் வேண்டும்.

மாடவீதி:
ஐயா, சட்டம் எதைத் தண்டிக்காது என்பதைச் சொல்கிறது. எது நியாயம் என்பதை அது சொல்வதில்லையே. நல்லெண்ணம் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். எழுதுபவருக்குக் கேள்வி ஞானம் இருக்கிறதா என்று வாசகருக்கு எப்படித் தெரியும்? அவர் அதே குருவிடம் கற்றவரா, போட்டிப் பள்ளியைச் சேர்ந்தவரா, சபா கொடுத்த இலவசச் சீட்டில் உட்கார்ந்தவரா என்பதெல்லாம் விமர்சனத்தின் கீழே அச்சிடப்படுவதில்லை. சமூக ஊடகத்தில் ஒரு முகப்பூச்சைப் பரிந்துரைப்பவர்கூடத் தமக்கும் அந்த நிறுவனத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசின் நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. பாட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்பவரிடம் அந்த அளவாவது எதிர்பார்க்கக் கூடாதா?

வடபழனி ரசிகன்:
சினிமாத் துறையிலும் இதே சண்டைதான் நடக்கிறது. 2024 நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம், திரையரங்க வளாகத்தில் யூடியூப் சேனல்கள் ரசிகர்களிடம் கருத்துக் கேட்டுப் பதிவு செய்வதை அனுமதிக்கக் கூடாது என்று அரங்க உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனமே கூடாது என்று தயாரிப்பாளர் தரப்பிலிருந்து சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் சென்றார்கள். அந்த டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது. கோடிக்கணக்கில் பணம் போட்டவர்களுக்கே கிடைக்காத பாதுகாப்பை மதியக் கச்சேரிக்குக் கேட்பது பொருந்துமா?

கடைசி வரிசை:
அந்த ஒப்பீடு எனக்கு முழுமையாக உதவவில்லை, நண்பரே. திரைப்பட விமர்சனத்தைப் பலர் சீட்டு வாங்குவதற்கு முன் படிக்கிறார்கள்; அதனால்தான் மூன்று நாள் என்ற பேச்சே எழுகிறது. கச்சேரி விமர்சனம் வெளிவரும்போது கச்சேரி முடிந்துவிட்டது, அதை நம்பி யாரும் சீட்டு வாங்கப் போவதில்லை. அப்படியானால் அது எதற்கு? அன்று அந்த மேடையில் என்ன நடந்தது என்பதற்கு அது ஒரு பதிவு. மியூசிக் அகாடமி 1928-இல் தொடங்கியது. அதன் தொடக்க ஆண்டுகளில் பாடப்பட்ட பெரும்பாலான கச்சேரிகளுக்கு ஒலிப்பதிவு கிடையாது. அந்தக் காலத்து மேடைப் பாட்டு எப்படி இருந்தது, ரசிகர்கள் எதை விரும்பினார்கள், எதற்கு முகம் சுளித்தார்கள் என்பதை கல்கி போன்றவர்களின் எழுத்திலிருந்துதான் இன்று ஓரளவு அறிகிறோம். அவர் தமிழிசைக்காக வெளிப்படையாக வாதாடியவர். தமிழ்ப் பாட்டு மேடையில் போதவில்லை என்ற குறை அவர் எழுத்தில் திரும்பத் திரும்ப வரும். அது சார்பு என்று யாரும் அந்த எழுத்தைத் தள்ளிவிடவில்லை, ஏனெனில் சார்பு என்ன என்பது வாசகருக்குத் தெரிந்தே இருந்தது. ஆகவே தொடர்பைச் சொல்ல வேண்டும் என்ற மாடவீதி அம்மாவின் கோரிக்கையை முழுமனதாக ஏற்கிறேன். இந்தப் பாடகியையோ அவர் குருவையோ எனக்குத் தெரியாது. சபாவின் இலவசச் சீட்டும் நான் வாங்கவில்லை. குறையே இல்லாத பதிவுகளை மட்டும் விட்டுச் சென்றால், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் படிப்பவர் நம் காலத்தைப் பற்றி என்ன தெரிந்துகொள்வார்?

மந்தைவெளி மிருதங்கம்:
பக்கவாத்தியக்காரர்களின் தரப்பிலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். பாராட்டு யாரையும் புண்படுத்தாது என்று எல்லோரும் நினைக்கிறீர்கள். என்னைப் பற்றி வந்த விமர்சனங்களில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: "மிருதங்கம் விறுவிறுப்பாக இருந்தது." தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் தாள நடையை எங்கே மாற்றினேன், முத்தாய்ப்பாக வரும் கோர்வை சரியான இடத்தில் வந்து விழுந்ததா, பாடகரின் நிரவலுக்கு வாசித்தேனா அல்லது அதன் மேல் வாசித்தேனா என்று ஒருவரும் எழுதியதில்லை. அந்த வரியை என் தன்விவரக் குறிப்பில் போட்டுக்கொள்ளலாம். கற்றுக்கொள்ள அதில் எதுவும் இல்லை. நிரவலில் சொல்லை மூடி வாசித்தார் என்று ஒருவர் எழுதியிருந்தால் கோபம் வந்திருக்கும், ஆனால் அடுத்த கச்சேரியில் கையைக் குறைத்திருப்பேன்.

மாடவீதி:
நீங்கள் சொல்வதை மறுக்க முடியவில்லை. ஆனால் அதை நேரில் வந்து சொல்லலாமே, ஊருக்கு ஏன் சொல்ல வேண்டும் என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. தம்பி, வெட்டப்பட்ட பத்தியை இங்கே இடுங்கள். பெயர் வேண்டாம். பழைய மேசை ஐயா சொன்ன அளவுகோலை வைத்தே படித்துப் பார்ப்போம்.

கடைசி வரிசை:
நான்கு வாக்கியங்கள்தான்: "காம்போதியின் கீழ்ப்பகுதியில் ராகத்தின் உருவம் தெளிவாக இருந்தது, ஆனால் மேல் ஷட்ஜத்தில் கார்வை கொடுத்து நின்ற இடங்களில் குரல் சுருதிக்குக் கீழே இறங்கியது. வயலின் அதே இடத்தில் அழுத்தமாக நின்றபோது அவரும் சரிசெய்துகொண்டார். நிரவலில் மேல்காலத்துக்கு அவசரமாகப் போனதால் சாகித்தியத்தின் சொற்கள் உடைந்து பொருள் மாறின. போதிய சாதகம் இல்லாமல் மேடை ஏறியிருக்கிறார்."

பழைய மேசை:
முதல் மூன்று வாக்கியங்களை நான் அப்படியே அச்சுக்கு அனுப்பியிருப்பேன். எங்கே, எந்த ஸ்வரத்தில், என்ன நடந்தது என்று இருக்கிறது; அரங்கில் இருந்த வேறொருவர் அதை ஒப்புக்கொள்ளவும் மறுக்கவும் இயலும். இரண்டாவது வாக்கியம் அந்தப் பெண்ணுக்குப் பெருமைதான், ஏனெனில் மேடையிலேயே காது கொடுத்துத் திருத்திக்கொள்வது எல்லோருக்கும் வராது. நான்காவதை நீக்கியிருப்பேன். அவர் வீட்டில் எத்தனை மணி நேரம் சாதகம் செய்கிறார் என்பதை நீங்கள் கேட்கவில்லை. தொண்டைக் கட்டாக இருந்திருக்கலாம், மாடவீதி அம்மா சொன்ன ஒலிபெருக்கியாகவும் இருந்திருக்கலாம்.

மாடவீதி:
நான்காவது வாக்கியத்தைத்தான் நானும் பயந்தேன். மற்ற மூன்றையும் என் மாணவியைப் பற்றி யாராவது எழுதியிருந்தால், அவளை உட்காரவைத்து அந்த மேல் ஷட்ஜத்தை மறுபடியும் பாடச் சொல்லியிருப்பேன். ஆனாலும் இருபது வயதுக்கு உட்பட்டவர் என்றால், குறை வரும் பத்தியில் பெயரைத் தவிர்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடைசி வரிசை:
நான்காவது வாக்கியம் இல்லாமல் பத்தியை ஆசிரியருக்கு மீண்டும் அனுப்புகிறேன். எனக்கும் அந்தக் கலைஞருக்கும் தொடர்பில்லை என்ற வரியையும் கீழே சேர்க்கிறேன். பெயரை நீக்க மட்டும் உடன்பட மாட்டேன், அம்மா. மூன்று பத்திப் பாராட்டு அவர் பெயரில்தான் வெளிவந்திருக்கிறது.

மாடவீதி:
அதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை, தம்பி. ஆசிரியர் என்ன பதில் சொன்னார் என்பதை இங்கே எழுதுங்கள்.