திருப்பூரில் இன்டர்ன்ஷிப், அப்புறம் பிளேஸ்மென்ட்: என் போர்ட்ஃபோலியோவில் என்ன குறைகிறது?

கேட்டவர்: பொள்ளாச்சிப் பொண்ணு

எல்லோருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் மூன்றாம் வருடம் படிக்கிறேன். அடுத்த மாதம் 45 நாள் இன்டர்ன்ஷிப். திருப்பூரில் இரண்டு எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அது முடிந்த கையோடு கேம்பஸ் பிளேஸ்மென்ட்டும் வந்துவிடும்.

என் போர்ட்ஃபோலியோ 32 பக்கம். பாதிக்கு மேல் இல்லஸ்ட்ரேஷன், ஆத்தங்குடி டைல்ஸை வைத்துச் செய்த ஒரு கலெக்‌ஷன், மூட் போர்டு, எம்ப்ராய்டரி சாம்பிள்கள், டிரேப் செய்த (பொம்மை உருவத்தின் மேல் துணியைப் போட்டு வடிவமைத்த) ஒரு கவுனின் படங்கள். ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்தது. போன வாரம் எங்கள் காலேஜ் சீனியர் ஒருத்தரிடம் காட்டினேன். கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் புரட்டிவிட்டு, "எல்லாம் நல்லா இருக்கு, ஆனா இதுல துணி எங்க இருக்கு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை, அன்றைக்கு முழுக்க அதே யோசனைதான்.

எங்கள் வீட்டில் இந்தத் துறைக்கு வரும் முதல் ஆள் நான். அப்பா தென்னை நார் மில்லில் வேலை பார்க்கிறார், கேட்டுத் தெரிந்துகொள்ள சொந்தத்திலும் யாரும் இல்லை. இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள், இருக்கிற மூன்று வாரத்தில் எதைக் கற்றுக்கொண்டால் உருப்படியாக இருக்கும்? இங்கிலீஷ் எழுதுவேன், பேச வராது. ராத்திரி நேரம் ஆகுமா என்று அம்மா பயப்படுகிறார். அண்ணன்கள், அக்காக்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில்: அவினாசி ரோடு மெர்ச்சண்டைசர்

தங்கச்சி, உன் சீனியர் சரியான கேள்விதான் கேட்டிருக்கிறார். நான் 11 வருடமாக திருப்பூரில் மெர்ச்சண்டைசிங், அதாவது ஒரு ஆர்டரை ஆரம்பம் முதல் சரக்கு போகும் வரை கவனிக்கிற வேலை, பார்க்கிறேன், இப்போது இன்டர்ன் எடுக்கும்போது நானும் பேனலில் உட்காருகிறேன். படம் நன்றாக வரைகிற பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். மேசையில் இருக்கிற ஒரு டீசர்ட்டை எடுத்துக் கொடுத்து "இதைப் பற்றிச் சொல்லும்மா" என்றால் "ரவுண்டு நெக், காட்டன்" என்பதோடு நின்றுவிடுகிறார்கள். என்ன துணி, ஒற்றைப் பின்னலான சிங்கிள் ஜெர்சியா இரட்டைப் பின்னலான இன்டர்லாக்கா, என்ன ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்), கழுத்தில் இழுபடுகிற 1x1 ரிப் பின்னலா, அடிமடிப்பு ஃப்ளாட்லாக் தையலா, தோளில் டேப் வைத்திருக்கிறதா, இப்படி ஐந்து விஷயம் சொன்னால் போதும், அந்தப் பிள்ளையை எடுத்துவிடுவேன். மீதியை நாங்கள் சொல்லிக் கொடுத்துக்கொள்வோம்.

அதனால் ஒரு காரியம் செய். திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் டீசர்ட் மலிவாகக் கிடைக்கும், கோயம்புத்தூரிலிருந்து ரயில் ஏறினால் ஒரு மணி நேரம்தான். புதிதாக ஒன்று வாங்கு. டேபிளில் மடிப்பில்லாமல், இழுக்காமல் பரப்பி அள. நீளத்தைத் தோளின் உச்சியில் கழுத்தை ஒட்டிய இடத்திலிருந்து எடுக்க வேண்டும், மார்பை அக்குளுக்கு 2.5 செ.மீ. கீழே. எல்லா அளவையும் எழுதி முடித்த பிறகு தையலைப் பிரி. பாதியிலேயே வெட்டிவிடாதே, எந்தத் தையலுக்குப் பிறகு எந்தத் தையல் போட்டார்கள் என்பது பிரிக்கும்போதுதான் தெரியும், அதுதான் உனக்கு ஆபரேஷன் வரிசை. உடம்புத் துணியில் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரமாக ஒரு துண்டு வெட்டி காலேஜ் லேபில் எடை போடு. கிராமில் வருவதை 100ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம். 1.8 கிராம் என்றால் 180. கம்பெனியில் ஜிஎஸ்எம் கட்டர் என்று உருண்டையாக ஒன்று வைத்திருப்பார்கள், அது வெட்டுகிற வட்டமும் இதே 100 சதுர செ.மீ.தான்.

அப்புறம் கன்சம்ப்ஷன், அதாவது ஒரு பீஸுக்கு எவ்வளவு துணி பிடிக்கும் என்ற கணக்கு. உடம்பு நீளத்தோடு கை நீளத்தைக் கூட்டி 10 செ.மீ. சேர். பாதி மார்பளவோடு 4 செ.மீ. சேர்த்து இரண்டால் பெருக்கு. இந்த இரண்டையும் பெருக்கி, ஜிஎஸ்எம்மாலும் பெருக்கி, பத்தாயிரத்தால் வகுத்தால் ஒரு டீசர்ட்டுக்கு எத்தனை கிராம் துணி என்று தோராயமாக வரும். கம்பெனிக்குக் கம்பெனி கூட்டுகிற அலவன்ஸ் மாறும், வழி இதுதான். காஸ்டிங் (விலைக் கணக்கு) எல்லாமே இந்த கிராமில்தான் தொடங்குகிறது, ஒரு பீஸுக்கு 5 கிராம் தப்பினாலும் இருபதாயிரம் பீஸ் ஆர்டரில் 100 கிலோ துணி இடிக்கும், அந்தப் பணத்தை யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

இதையெல்லாம் மூன்று பக்கமாகப் போர்ட்ஃபோலியோவில் வை. பிளாட் ஸ்கெட்ச் (உடுப்பைப் பரப்பி வைத்த மாதிரியான கோட்டுப் படம்), அளவு அட்டவணை, துணித் துண்டை ஒட்டி அதன் விவரம், தையல் வரிசை. டெக் பேக் என்பது இதுதான். ஆத்தங்குடி கலெக்‌ஷனைத் தூக்க வேண்டாம், அதிலிருந்து ஒரே ஒரு உடுப்பை எடுத்து அதற்கும் இதே மாதிரி டெக் பேக் போட்டுவிடு, வரைகிறவள் தயாரிப்பையும் யோசிக்கிறாள் என்று தெரியும்.

இன்டர்வியூவில் லேப் டிப் (சாய கலர் மாதிரி), ஸ்ட்ரைக் ஆஃப் (பிரிண்ட் மாதிரி), ஃபிட் சாம்பிள் (அளவு பொருந்துகிறதா என்று பார்ப்பது), சைஸ் செட் (எல்லா சைஸிலும் தைத்தது), பிபி சாம்பிள் (தயாரிப்பு தொடங்கும் முன் கடைசி மாதிரி) எல்லாம் எந்த வரிசையில் வரும் என்று கேட்பார்கள். மனப்பாடம் செய்யாதே, ஏன் அந்த வரிசை என்று யோசி. கலர் ஓகே ஆகாமல் துணியை சாயத்துக்குப் போட முடியாது, துணி வராமல் கட்டிங் கிடையாது. எங்கோ ஒரு இடத்தில் பத்து நாள் தவறினால், தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டிய சரக்கு விமானத்தில் போகும், அந்தச் செலவு கம்பெனி தலையில் விழும். மெர்ச்சண்டைசர் வேலையில் பெரும்பங்கு இந்தத் தேதிகளைத் துரத்துவதுதான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது இங்கே என்ன பாடுபட்டோம் என்பதையும் செய்தித்தாளில் தேடிப் படித்துவிட்டுப் போ, எங்கள் பேனலில் அதைக் கேட்கிறோம்.

இங்கிலீஷைப் பற்றிப் பயப்படாதே. ஆர்டர் கொடுக்கிற பையருக்கு மெயில் எழுத வர வேண்டும், அவ்வளவுதான்: ஸ்டைல் நம்பர், என்ன பிரச்சினை, என்ன தேதிக்குள் பதில் வேண்டும், மூன்று வரி. எக்ஸெல்லில் விலுக்கப், பிவட் இரண்டையும் இந்த மூன்று வாரத்தில் கற்றுக்கொள், அது இல்லாமல் முதல் நாளே திணறுவாய்.

பதில்: போன பேட்ச்

நான் போன வருடம்தான் இன்டர்ன்ஷிப் முடித்தேன், இப்போது அதே ஊரில் சாம்பிளிங்கில் அசிஸ்டென்ட். அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், நான் பட்டது.

இரண்டாவது வாரம், 12 சாம்பிள்களை அளந்து ரிப்போர்ட் எழுதச் சொன்னார்கள். எல்லாவற்றிலும் மார்பளவு அரை செ.மீ. குறைவாக வந்தது, நான் தைத்தவர்கள் மேல்தான் தப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் என் டேப்பை வாங்கி ஸ்டீல் ஸ்கேல் பக்கத்தில் வைத்தார். முதல் வருடம் காலேஜ் வாசலில் வாங்கிய டேப் அது, நாள்பட்டு இழுபட்டு நீண்டுபோயிருந்தது, அதனால்தான் எல்லா அளவும் குறைத்துக் காட்டியிருக்கிறது. தைத்த அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அதிலிருந்து மாதம் ஒருமுறை டேப்பை ஸ்கேலில் வைத்துப் பார்க்கிறேன். நீங்களும் புது ஃபைபர் டேப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், துணியில் செய்தது வேண்டாம்.

முதல் பத்து நாள் பிசிறு வெட்டத்தான் விடுவார்கள், மனசு விட்டுவிடாதீர்கள். நான் பிசிறு வெட்டிக்கொண்டே செக்கிங் டேபிளில் எந்த டிஃபெக்ட் எத்தனை வருகிறது என்று நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது, கலர் ஷேடு. நாலாவது நாள் குவாலிட்டி மேடம் அந்த நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கூட நிற்க வைத்தார். 3,000 பீஸ் லாட்டில் 125 பீஸ் எடுத்து, ஏக்யூஎல் (எவ்வளவு பழுது வரை ஏற்கலாம் என்ற அளவுகோல்) 2.5 என்றால் பழுது 7 வரை பாஸ், 8 ஆனால் ஃபெயில் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். பழுதான எட்டாவது பீஸை அந்த மேடம் தனியாக எடுத்து வைத்தபோது ஹாலே அமைதியாகிவிட்டது, அப்போதுதான் அது என்ன என்று புரிந்தது.

அம்மாவின் பயத்துக்கு: இன்டர்ன்களை மாலை ஆறு, ஆறரைக்குள் அனுப்பிவிட வேண்டும் என்று காலேஜிலிருந்தே கடிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், என் விஷயத்தில் அது வேலை செய்தது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும் பெண்கள் புகார் கொடுக்க உள்குழு இருக்க வேண்டும், 2013 சட்டம். அதில் யார் இருக்கிறார்கள் என்று முதல் நாளே கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. இன்னொன்று, என் தோழி போன ஒரு இடத்தில் வேலை உறுதி என்று சொல்லி ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள், திரும்ப வாங்க நாலு மாதம் அலைந்தாள். ஜெராக்ஸ் கொடுங்கள், ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.

பதில்: பழைய பேட்டர்ன் மாஸ்டர்

கண்ணு, நான் படித்தது பத்தாவது. கட்டிங் டேபிளில் எடுபிடியாகச் சேர்ந்து பேட்டர்ன் மாஸ்டர் ஆனவன், 30 வருடம் ஆகிறது. உங்களை மாதிரிப் பிள்ளைகள் வந்தால் எனக்கு சந்தோஷம்தான், ஆனால் ஃப்ளோருக்குள் வந்தால் மிஷினைப் பார்க்க வேண்டும், ஃபோனைப் பார்க்கக் கூடாது. ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷினில் எத்தனை நூல் ஓடுகிறது, ஊசி எத்தனாம் நம்பர் என்று தைக்கிறவரிடமே கேள். ஆர்டர் அவசரத்தில் கேட்காதே, டீ நேரத்தில் கேட்டால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஒடிசா, பீகார் பிள்ளைகள் நிறைய வேலை செய்கிறார்கள், பத்து வார்த்தை இந்தி தெரிந்தால் உனக்குத்தான் நல்லது.

ஊசி உடைந்தால் என்ன நடக்கிறது என்று பார். எல்லாத் துண்டையும் பொறுக்கி, ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, நேரம் எழுதினால்தான் புது ஊசி கொடுப்போம். ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்தக் கட்டு முழுவதையும் நிறுத்தி வைப்போம். குழந்தை உடுப்பில் ஒரு முனை போய்விட்டால் என்ன ஆகும், யோசித்துப் பார்.

நான் புதுப் பிள்ளைகளிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். துவைத்த பனியனில் ஓரத்தையல் ஏன் வயிற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டு வருகிறது? தையல்காரர் கோணலாகத் தைத்தார் என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். நூலில் முறுக்கு மிச்சம் இருக்கிறது கண்ணு, தண்ணீர் பட்டதும் அது பிரியப் பார்க்கிறது, சிங்கிள் ஜெர்சி ஒரு பக்கத் துணி என்பதால் அதோடு சேர்ந்து திரும்பிவிடுகிறது. இன்டர்லாக்கில் இந்தத் தொல்லை அவ்வளவாகக் கிடையாது. வாங்குகிற துணியில் 50 செ.மீ. அளந்து நாலு பக்கமும் பேனாவால் குறி வை, துவைத்துக் காயவைத்து மறுபடி அள. 47.5 வந்தால் 5 சதவீதம் சுருக்கம். அதைப் பேட்டர்னில் கூட்டவில்லை என்றால் எம் சைஸ் போட்டவனுக்கு எஸ் சைஸ்தான் கிடைக்கும்.

பதில்: மயிலாப்பூர் ஊசி நூல்

எல்லோரும் திருப்பூரையே சொல்கிறீர்கள், அதனால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் சென்னையில் பொட்டிக் ஒன்றில் ஆறு வருடம் இருந்துவிட்டு இப்போது தனியாகக் கல்யாண பிளவுஸ் செய்து கொடுக்கிறேன். கவுன் டிரேப் செய்து பார்த்த பிள்ளை என்கிறாய், கையில் அந்த ஆசை இருந்தால் எக்ஸெல் முன்னால் உட்கார்ந்து அதை மறந்துவிடாதே. பொட்டிக்கில் ஒரே நாளில் பத்து விதமான உடம்பைப் பார்ப்பாய், ஒரு தோள் இறங்கியிருக்கும், முதுகு வளைந்திருக்கும், டார்ட்டை (உடம்பு வளைவுக்கு மடித்துத் தைக்கிற இடத்தை) அதற்கேற்ப நகர்த்த வேண்டும், எக்ஸ்போர்ட்டில் பல வருடம் இருந்தாலும் அது கைக்கு வராது. ஆனால் சம்பளம் ஆரம்பத்தில் குறைவு, இன்டர்ன் என்றால் பல இடத்தில் பைசா தரமாட்டார்கள், பஸ் செலவாவது உண்டா என்று வாய்விட்டுக் கேள். 45 நாளுக்குத் திருப்பூர் போ, அது சரிதான். பிளேஸ்மென்ட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு பொட்டிக்கிலும் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்துவிடு.

கேட்டவர்: பொள்ளாச்சிப் பொண்ணு

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. காதர்பேட்டைக்கு இந்த வாரம் போக முடியவில்லை, அதனால் அப்பாவின் பழைய டீசர்ட் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பிரித்தேன். உடம்பு நீளம் 71, கை 21, பாதி மார்பு 54. சதுரத் துண்டு 1.6 கிராம், அப்படியென்றால் 160 ஜிஎஸ்எம். அக்கா சொன்ன கணக்கில் 189 கிராம் வந்தது. ஆனால் பிரிப்பதற்கு முன் முழு டீசர்ட்டையும் எடை போட்டிருந்தேன், 150தான் இருந்தது. மீதி 39 கிராம் எங்கே போனது? நான் எங்கே தப்பு செய்தேன் என்று இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன்.

பதில்: அவினாசி ரோடு மெர்ச்சண்டைசர்

கணக்கு சரியாக இருக்கிறது தங்கச்சி. அந்த 39 கிராமில் பெரும்பங்கு கட்டிங் டேபிளுக்குக் கீழே விழுந்திருக்கும். கழுத்துக்குத் தோண்டியது, கை வளைவுக்கு வெட்டியது, ஒரு பேட்டர்னுக்கும் அடுத்ததற்கும் நடுவில் விட்ட இடம், எல்லாம் அதில் அடக்கம். மார்க்கரை (துணியில் பேட்டர்ன்களை அடுக்குகிற வரைபடத்தை) நெருக்கிப் போடுகிறவர் அதில் எத்தனை கிராமை மீட்கிறார் என்று இன்டர்ன்ஷிப்பில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுகிற CAD ரூமில் போய்ப் பார்.

ஒரே ஒரு தப்பு, பழைய டீசர்ட். எத்தனையோ தடவை துவைத்துச் சுருங்கி, தேய்ந்து போயிருக்கும், அந்த 160 அது பிறந்தபோது இருந்த ஜிஎஸ்எம் இல்லை. அளவும் அப்படித்தான். போர்ட்ஃபோலியோவில் வைப்பதற்குப் புதிது ஒன்றில் மறுபடி செய். இதையும் தூக்கிப் போடாதே, அப்பா டீசர்ட்டின் ஓரத்தையல் திரும்பியிருந்ததா என்று பார்த்து, இருந்தால் ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள், மாஸ்டர் கேட்ட கேள்விக்குக் காட்டலாம்.