கோட்டைக் கிளிகளும் முள்ளு கத்தரிக்காயும்: வேலூரில் நாங்கள் சுற்றும் இடங்கள்

வேலூரில் எங்கே போகலாம் என்று கேட்டால் பலரும் பொற்கோயிலைத்தான் சொல்கிறார்கள், அதை விட்டுவிடுகிறேன். நான் பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம், வாழ்க்கைப்பட்டது வேலூரின் சத்துவாச்சாரியில். வேலூர் மாப்பிள்ளை என்றதுமே எங்கள் உறவுக்காரர்கள், ‘சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு’ என்ற பழைய கேலியை எடுத்துவிட்டார்கள். முதல் குறை 1981-லேயே தீர்ந்துவிட்டது. கோட்டைக்குள்ளே நெடுங்காலம் வழிபாடின்றிக் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு, சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை அந்த ஆண்டுதான் கொண்டுபோய் வைத்தார்கள். என் மாமியாரிடம் கேட்டால் இந்தக் கதைக்கே ஒரு பொழுது போய்விடும். தண்ணீர் இல்லாத ஆறான பாலாற்றைப் பற்றி மட்டும் எங்கள் வீட்டில் யாரும் வாதாடுவதில்லை.

கோட்டைக்கு வெயில் தாழ்ந்த பிறகே போவோம். சித்திரை, வைகாசியில் பகலில் அங்கே கால் வைப்பவர்கள் வெளியூர்க்காரர்கள்தான். வீட்டுக்காரருக்கு அகழி ஓரமாக நடக்க வேண்டும். எனக்குக் கோயிலின் கல்யாண மண்டபம். வருகிறவர்கள் தூண்களில் பாயும் குதிரைகளையும் யாளிகளையும் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அண்ணாந்து பாருங்கள். விதானத்தின் நடுவில் ஒரு தாமரை. அதைச் சுற்றி வட்டமாகக் கிளிகள், தலைகீழாக. அந்தச் சிற்பி நிச்சயம் சிரித்துக்கொண்டேதான் செதுக்கியிருப்பான்.

“கழுத்து வலிக்கவில்லையா உனக்கு?” என்பார் இவர்.

“பசிக்கிறது என்று நேராகச் சொல்லுங்களேன்” என்பேன்.

அங்கிருந்து சி.எம்.சி. எனப்படும் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களுக்கு. மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சிகிச்சைக்கு வருகிறவர்கள் அவ்வளவு பேர். லாட்ஜ் பலகைகளில்கூட வங்காள எழுத்து. அவர்களுக்காகவே நடக்கும் சிறிய சாப்பாட்டுக் கடைகளில் ஒன்றில் கடுகெண்ணெயில் செய்த மீன் குழம்பு சாப்பிட்டோம். முதல் கவளத்திலேயே கடுகின் நெடி மூக்கில் ஏறி எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இவர் பழக்கதோஷத்தில் ரசம் கேட்டார். பரிமாறிய பையன் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கரண்டி பருப்பை ஊற்றிவிட்டுப் போனான். பக்கத்து மேசையில் ஒரு பெரியவர், கையில் எக்ஸ்ரே உறையோடு, எங்களைப் பார்த்து வெகுநேரம் சிரித்தார். இப்போது மாதம் ஒருமுறையாவது அங்கே போகாவிட்டால் இவருக்குத்தான் ஆகாது.

பிரியாணி விஷயத்தில் நான் கறார். ஆம்பூர் வகையில் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்துப் போடுவார்கள். சீரகச் சம்பா அரிசி. அதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான் முதலில் தொட்டுப் பார்ப்பது கூட வைக்கும் கத்தரிக்காயைத்தான். புளிப்பு தூக்கலாக, எண்ணெய் பிரிந்து, காய் குழைந்தும் உரு மாறாமலும் இருந்தால் அந்தக் கடை தேறும். வீட்டில் செய்ய இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்தான் வாங்குகிறோம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற காய் இது. காம்பிலுள்ள முள் விரலைப் பதம் பார்க்கும், கவனம்.

காலை நேரம் வாய்த்தால் விரிஞ்சிபுரம் சிவன் கோயிலுக்குப் போங்கள். ‘திருவிரிஞ்சை மதிலழகு’ என்பது சும்மா சொன்னதல்ல. உள்ளே காலம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. அதன் பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழும் இடம்தான் மணி. இவர் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடிகாரத்தைத்தான் சந்தேகப்பட்டார்! கோயிலை மதியம் சாத்திவிடுவார்கள் என்பதால் முற்பகலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

இனிப்புக்கு ஆற்காடு மக்கன் பேடா. 2019-ல் மாவட்டத்தைப் பிரித்ததில் ஆற்காடு ராணிப்பேட்டையோடு போய்விட்டது; பேடா விஷயத்தில் நாங்கள் அந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. கோவாவும் மைதாவும் பிசைந்து, உள்ளே பருப்பு வகைகளை வைத்துப் பொரித்துப் பாகில் ஊறவைத்தது. குலாப் ஜாமூன்தானே என்று மட்டும் கடையில் கேட்டுவிடாதீர்கள். அடுத்து வள்ளிமலை முருகன் கோயிலுக்குப் போகலாம் என்றிருக்கிறோம். படி ஏறியவர்கள் யாராவது இருந்தால், வயதான மாமியாரை அழைத்துப்போக முடியுமா என்று சொல்லுங்கள்.