டமாஸ்கஸில் தூதரகத்தை எரித்தது யார் கோபம்?

மணல்மேடு:
2006 பிப்ரவரி 4 அன்று சிரியத் தலைநகர் டமாஸ்கஸில் டென்மார்க், நார்வே தூதரகங்கள் எரிந்தன. நபிகள் கேலிச்சித்திரங்களால் வந்த கோபம் என்று உலகம் முழுக்கச் செய்தி. ஆனால் டென்மார்க்கின் யூலாண்ட்ஸ்-போஸ்டன் நாளிதழ் அந்த 12 படங்களைப் போட்டது 2005 செப்டம்பர் 30. நாலு மாதம் கோபம் எங்கே போயிருந்தது? அக்டோபரில், அதுவும் ரமலான் மாதத்தில், எகிப்தின் அல் ஃபஜ்ர் இதழ் சில படங்களை எடுத்துப் போட்டது. கெய்ரோவில் கலவரம் எதுவும் இல்லை. சிரியாவிலோ 1963 முதல் அவசரநிலைச் சட்டம். அரசு கண்டுகொள்ளாமல் அந்த ஊரில் தூதரகத்தை எரித்துவிட்டு வீட்டுக்குப் போக முடியுமா?

நாகூரான்:
அண்ணே, எல்லாமே அரசியல் என்று சொல்லிவிடுவது சுலபம். புண்பட்ட மனிதர்களைப் பொம்மைகளாக்கிவிடுகிறீர்கள். கோபம் எங்கும் போகவில்லை. அக்டோபரிலேயே 11 நாட்டுத் தூதர்கள் டென்மார்க் பிரதமர் ராஸ்முசெனைச் சந்திக்க நேரம் கேட்டார்கள், அவர் மறுத்தார். கோப்பன்ஹேகனில் ஆயிரக்கணக்கானோர் அமைதியாக ஊர்வலம் போனார்கள். ஜனவரி கடைசியில் சவூதிக் கடைகளில் டென்மார்க் பால்நிறுவனமான ஆர்லாவின் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் அலமாரியை விட்டு இறங்கின. யாரும் யார் மீதும் கை வைக்கவில்லை. ஆனால் தீ எரிந்த பிறகுதான் கேமராவெல்லாம் ஓடி வந்தது.

கீழைக்காற்று:
நாகூரான், டிசம்பரை விட்டுவிட்டீர்களே. டென்மார்க் இமாம்கள் சிலர் ஒரு கோப்போடு கெய்ரோவுக்கும் பெய்ரூட்டுக்கும் போனார்கள். நாளிதழில் வராத படங்களும் அதில் இருந்தன. ஒன்று, பிரான்சில் நடந்த பன்றிபோலக் கத்தும் போட்டியில் எடுத்த புகைப்படம்! எகிப்து அரசு அந்தப் பிரச்சினையைக் கையில் எடுத்தது சும்மாவா? அப்போதுதான் நாடாளுமன்றத் தேர்தலில் எதிர்த்தரப்பான முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தினர் 88 இடம் பிடித்திருந்தார்கள். மார்க்கப் பற்று எங்களுக்கும் உண்டு என்று அதிபர் முபாரக் காட்டியாக வேண்டும்.

மணல்மேடு:
சிரியாவும் அப்படித்தான். லெபனான் முன்னாள் பிரதமர் ஹரிரி கொலையில் ஐ.நா. விசாரணை சிரிய அரசின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம். வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் காரமாகப் பேசச் சொல்லுங்கள் என்று சிரியப் பிரதமரே நாட்டின் தலைமை மார்க்க அறிஞரான முஃப்தியிடம் சொன்னதாக அமெரிக்கத் தூதரகத் தந்தி ஒன்று பிறகு விக்கிலீக்ஸ் வழியாக வெளியானது. அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் தீ.

நாகூரான்:
அந்தக் கோப்பை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் உள்நோக்கம் தேடுவது ஒரு பக்கம் மட்டும்தானா? அதே நாளிதழ் 2003-இல் ஏசுவைப் பற்றிய கேலிச்சித்திரங்களை, வாசகர்கள் கொதிப்பார்கள் என்று திருப்பி அனுப்பியது. ராஸ்முசென் அரசோ குடியேறிகளை எதிர்க்கும் டென்மார்க் மக்கள் கட்சியின் தயவில் நின்றது. கூட்டம் என்றால் மதவெறி, பத்திரிகை என்றால் கருத்துச் சுதந்திரம். 2012-இல் அமெரிக்க இதழ் நியூஸ்வீக் 'முஸ்லிம் ஆத்திரம்' என்று கத்திய அட்டையும் இதே வகைதான்.

மணல்மேடு:
ஊடகம் பற்றி நான் சொல்வதும் அதுதான். லிபியாவின் பெங்காசியைப் பாருங்கள். 2006 பிப்ரவரி 17, இத்தாலியத் தூதரக அலுவலகத்தின் முன்னால் கூட்டம். இத்தாலிய அமைச்சர் ஒருவர் அந்தப் படம் போட்ட சட்டையைத் தொலைக்காட்சியில் காட்டியதால் வந்த கோபம். பத்துப் பேருக்குக் குறையாமல் செத்தார்கள், சுட்டது லிபியப் போலீஸ். அதையும் 'கேலிச்சித்திரக் கலவரம்' என்ற தலைப்பில் தள்ளிவிட்டார்கள். ஐந்து வருடம் கழித்து அதே பிப்ரவரி 17-ஐத்தான் லிபியாவை ஆண்ட கடாஃபிக்கு எதிரான நாளாக மக்கள் அறிவித்தார்கள்.

கீழைக்காற்று:
பெங்காசி சரி. அதற்கு மறுநாள் நைஜீரியாவில் மைதுகுரி? தேவாலயங்களை எரித்தார்கள், கிறிஸ்தவர்களைக் கொன்றார்கள். செத்தவர்களுக்கும் டென்மார்க்குக்கும் என்ன சம்பந்தம்? அங்கே எந்தச் சர்வாதிகாரி தூண்டிவிட்டார்?

நாகூரான்:
சம்பந்தமே இல்லை, அது கொலைதான். அதற்கு எந்தச் சமாதானமும் சொல்லமாட்டேன். அடுத்த சில நாளில் தெற்கே ஒனிட்சாவில் பழிக்குப் பழியாக முஸ்லிம்களை வெட்டிப் போட்டார்கள். அதற்கு என்ன தலைப்பு வைப்பீர்கள்?