காது எட்டிய நாள்

‘கோத்தகிரி வீடு’ குழு

அக்டோபர் 5

நான்: எல்லோருக்கும் வணக்கம். ஓர் உதவி வேண்டும். பத்தாம் தேதி பிரேயரில் நான் பேச வேண்டும். யாருக்குப் பிறந்த நாளோ அவர்கள், அதே தேதியில் பிறந்த இரண்டு மூன்று பேரைப் பற்றிச் சொல்ல வேண்டுமாம். தமிழ் மிஸ்ஸின் புது ஏற்பாடு. நடிகர், கிரிக்கெட் வீரர் கூடாது. எழுதுகிறவர்கள்தான் வேண்டும்.

அண்ணன்: ராஜமௌலி. முடிந்தது. போய்த் தூங்கு.

நான்: அவர் டைரக்டர்.

அண்ணன்: கதை அவர் அப்பா விஜயேந்திர பிரசாத், திரைக்கதை மகன். 1973 அக்டோபர் 10. திரைக்கதையும் எழுத்துதானே? மிஸ்ஸிடம் வாதாடு.

சித்தப்பா: (பலமுறை பகிரப்பட்டது) இந்த நாளில் பிறந்தவர்கள் பேனாவால் உலகை ஆள்வார்கள்!! அக்டோபர் 10: ஆர்.கே. நாராயண், கல்கி, கண்ணதாசன், ஷேக்ஸ்பியர். பத்துப் பேருக்கு அனுப்புங்கள், நல்ல செய்தி வரும்.

பெரியத்தை: தம்பி, இதில் நாராயண் ஒருவர்தான் சரி. கல்கி செப்டம்பர் 9. கண்ணதாசன் ஜூன் 24. ஷேக்ஸ்பியரை எதற்கு இழுத்தார்கள் என்றே தெரியவில்லை.

சித்தப்பா: வந்ததை அனுப்பினேன் அக்கா.

பெரியத்தை: டீ ஃபேக்டரியில் வந்த இலையை எல்லாம் பார்க்காமல் அள்ளிப் போட்டால் என்ன தூள் வரும் என்று அப்பாவைக் கேள்.

தாத்தா: குப்பை வரும்.

சித்தப்பா: சரி சரி. ஆனால் கண்ணதாசன் ஜூன் 24 என்றதும் ஞாபகம் வருகிறது. எம்.எஸ்.வி.யும் அதே ஜூன் 24தானே?

பெரியத்தை: ஆமாம். கவிஞர் 1927, விஸ்வநாதன் 1928. சரியாக ஒரு வருடம். இதைத்தான் நீ முதலில் அனுப்பியிருக்க வேண்டும். கவிஞரைப் பாட்டாகவே நினைக்கிறோம். ‘மதுரை வீரன்’ படத்துக்கு வசனம் அவர்தான்.

அம்மா: அண்ணி, ஜெயகாந்தன் ஏப்ரல் 24, புதுமைப்பித்தன் ஏப்ரல் 25. ஒரு நாளில் தவறிவிட்டது. எனக்கு இன்னும் அது ஆறவில்லை.

பெரியத்தை: இருபத்தெட்டு வருட இடைவெளி வேறு இருக்கிறது, அதை விட்டுவிட்டாய்! கண்ணு, நாளைக்கு நான் லைப்ரரி போகிறேன். பார்த்துச் சொல்கிறேன். அதுவரை சித்தப்பா அனுப்பும் எதையும் நோட்டில் எழுதாதே.

அக்டோபர் 6

பெரியத்தை: எழுதிக்கொள். உன் தேதி நல்ல தேதி. 1902 அக்டோபர் 10, கன்னட எழுத்தாளர் சிவராம காரந்த். நாவல், யட்சகானம் என்கிற கர்நாடகக் கூத்து, குழந்தைகளுக்குக் கலைக்களஞ்சியம் என்று எல்லாவற்றிலும் கை வைத்தவர். ‘மூகஜ்ஜிய கனசுகளு’ நாவலுக்கு ஞானபீடம். நெருக்கடி நிலையைக் கண்டித்துப் பத்மபூஷணைத் திருப்பிக் கொடுத்தார்.

சித்தப்பா: இவர் நாடகக்காரர் அல்லவா அக்கா? படம்கூட எடுத்திருக்கிறார்.

பெரியத்தை: அது பி.வி. காரந்த், வேறு ஆள். சிவராம காரந்தின் ‘சோமன துடி’ நாவலை 1975-இல் படமாக எடுத்தவர் அவர். அந்த வருடத்தின் சிறந்த படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. குழம்புவது இயல்புதான். ஒருமுறை நீ சொன்னதில் பாதி சரி.

பெரியத்தை: 1906, ஆங்கிலத்தில் எழுதிய ஆர்.கே. நாராயண். இவருக்கு வருகிறேன், கொஞ்சம் நீளம். 1913-இல் பிரெஞ்சுக்காரர் கிளாட் சிமோன். 1930-இல் ஹெரால்ட் பின்டர், இங்கிலாந்து. சிமோனுக்கு 1985-இல் நோபல், பின்டருக்கு 2005-இல். பின்டருக்குச் செய்தி வந்தது எழுபத்தைந்து வயது முடிந்த மூன்றாம் நாள்.

அண்ணன்: பின்டர் திரைக்கதையும் எழுதியிருக்கிறார். ‘தி ஃபிரெஞ்ச் லெப்டினன்ட்ஸ் உமன்’ அவர் எழுதியது. ஜேம்ஸ் கிளாவெலும் இதே தேதி, 1921. ‘தி கிரேட் எஸ்கேப்’ எழுதிய இருவரில் ஒருவர். போரில் பிடிபட்டுச் சிங்கப்பூர் சாங்கி சிறையில் இருந்தவர். முதல் நாவலே அந்தச் சிறைதான்.

நான்: அண்ணா, நீ திடீரென்று படித்தவன் மாதிரிப் பேசுகிறாய்.

அண்ணன்: ஹாஸ்டல் வைஃபை.

நான்: பின்டரைப் பற்றி ஒரே வரியில் என்ன சொல்லலாம் அத்தை?

பெரியத்தை: அவர் நாடகங்களில் பாத்திரங்கள் பேசாமல் நிற்கும் இடங்கள் பிரசித்தம். வசனத்தின் நடுவே ‘மௌனம்’ என்று எழுதியே வைப்பார். நம் குழுவில் தாத்தா செய்வதுதான்.

தாத்தா: ம்.

பெரியத்தை: இப்போது நாராயண். நம் கோயம்புத்தூர் கதை, அதனால் சொல்கிறேன். 1933-இல் விடுமுறைக்கு அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறார். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்ணைப் பார்க்கிறார். ராஜம். பெண்ணின் அப்பா பள்ளித் தலைமை ஆசிரியர். நாராயண் யாரையும் தூது விடாமல் நேரே அவரிடமே போய்க் கேட்டுவிட்டார்.

அம்மா: அந்தக் காலத்திலா!

பெரியத்தை: கேட்டாரே தவிர, ஜாதகம் சேரவில்லை. ஏழாம் இடத்தில் செவ்வாய். பெண்ணுக்கு ஆகாது என்றார்கள். அதையும் மீறி அடுத்த வருடம் கல்யாணம் நடந்தது. 1939-இல் ராஜம் டைபாய்டில் போய்விட்டார். கையில் சின்னப் பெண் குழந்தை. அந்தத் துக்கத்தைத்தான் ‘தி இங்கிலீஷ் டீச்சர்’ நாவலாக எழுதினார்.

அம்மா: ஜோசியர் சொன்னது பலித்துவிட்டது என்று ஊர் பேசியிருக்குமே.

பெரியத்தை: பேசாமல் இருந்திருக்குமா? 1939-இல் டைபாய்டுக்குச் சரியான மருந்து கிடையாது. அது யார் ஜாதகத்தையும் பார்த்து வரவில்லை. இதையும் சேர்த்துச் சொல் கண்ணு, இல்லாவிட்டால் பிள்ளைகள் தப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

நான்: சினிமா ஏதாவது உண்டா அத்தை? மிஸ்ஸுக்குச் சினிமா பிடிக்கும், வெளியே சொல்ல மாட்டார்.

பெரியத்தை: ஜெமினியின் ‘மிஸ் மாலினி’, 1947. கதை நாராயண். அப்புறம் ‘கைடு’, அவர் நாவலை வைத்து எடுத்த இந்திப் படம். அவருடைய கற்பனை ஊரான மால்குடியில் நடக்கிற கதையை வடக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். படம் பெரிய வெற்றி, எழுதியவருக்கு வயிற்றெரிச்சல். ‘வழி தவறிய வழிகாட்டி’ என்கிற அர்த்தத்தில் தலைப்பு வைத்து ஒரு கட்டுரையே எழுதினார்.

அக்டோபர் 7

சித்தப்பா: ஒரே ஒரு சந்தேகம். ஷேக்ஸ்பியர் ஏப்ரல் 23, இதாவது சரியா? இப்போது கூகுளில் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

பெரியத்தை: பாதி சரி. மாதா கோவில் பதிவேட்டில் இருப்பது 1564 ஏப்ரல் 26, ஞானஸ்நானம் கொடுத்த தேதி. பிறந்த தேதி எங்கும் எழுதப்படவில்லை. மூன்று நாள் முன்னால் பிறந்திருக்கலாம் என்று பிற்காலத்தவர்கள் வைத்துக்கொண்டது. அவர் இறந்தது ஏப்ரல் 23 என்பதால் அது பொருத்தமாகவும் இருந்தது.

அண்ணன்: ஸ்பெயின் எழுத்தாளர் செர்வாண்டிஸ் இறந்ததும் அதே 1616 ஏப்ரல் 23 என்பார்கள். அதைவிட வேடிக்கை, ஸ்பெயினில் புது நாட்காட்டி, இங்கிலாந்தில் பழையது. இரண்டு ஏப்ரல் 23-க்கும் நடுவில் பத்து நாள் இருக்கிறது. உலகப் புத்தக நாளே அந்தத் தேதியில்தான்.

அண்ணன்: எழுத்தாளர் நபகோவ் பிறந்த நாள் கதை இன்னும் மோசம். ரஷ்யாவில் பழைய கணக்கில் 1899 ஏப்ரல் 10. புதுக் கணக்குக்கு மாற்றினால் ஏப்ரல் 22. ஆனால் 1900-க்குப் பிறகு இரண்டு நாட்காட்டிக்கும் வித்தியாசம் பன்னிரண்டிலிருந்து பதின்மூன்று நாளாகிவிட்டது. அதனால் மனிதர் 23-ஆம் தேதி கொண்டாடினார். ஷேக்ஸ்பியர் பக்கத்தில் போய் உட்கார்ந்த மாதிரியும் ஆயிற்று.

சித்தப்பா: அப்படியென்றால் நான் அனுப்பிய தப்புக்கும் பெரிய இடத்துத் துணை இருக்கிறது.

பெரியத்தை: இல்லை.

கூடலூர் அத்தை: இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். இங்கே காலையிலிருந்து மழை, டவர் இல்லை. மோளே, எங்கள் மலையாள எழுத்தாளர் எம்.டி. வாசுதேவன் நாயரை விட்டுவிட்டீர்களே. திரைக்கதைக்கு மட்டும் நான்கு தேசிய விருது. ரெக்கார்டில் அவர் பிறந்த நாள் ஜூலை 15. வீட்டில் கொண்டாடி வந்தது மலையாளக் கர்க்கடக மாதத்து உத்திரட்டாதி நட்சத்திரத்தில். அது ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு தேதியில் வரும்.

அம்மா: ஜூலை 15 காமராஜர் பிறந்த நாள் அல்லவா? அப்படியென்றால் ரெக்கார்டில் காமராஜரோடு, வீட்டில் வேறு யாரோடோ.

சித்தப்பா: இளையராஜாவும் ஒரு தேதியை விட்டுக்கொடுத்தவர்தானே? பிறந்தது ஜூன் 3. அன்று கலைஞருக்குப் பிறந்த நாள் என்பதால் தன்னுடையதை ஜூன் 2-க்கு மாற்றிக்கொண்டார். அவரே சொல்லியிருக்கிறார். ‘பராசக்தி’க்கு வசனம் எழுதியவரைப் பற்றித்தான் சொல்கிறேன், அரசியல் இல்லை. குழு விதி தெரியும்.

அண்ணன்: மாற்றிப் போன இடத்தில் மணிரத்னம் இருக்கிறார், ஜூன் 2. ஆங்கில நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியும் ஜூன் 2, 1840.

பெரியத்தை: தம்பி, இளையராஜா விஷயம் சரி. பார்த்துவிட்டேன்.

சித்தப்பா: இந்த மெசேஜை பின் பண்ணி வையுங்கள்.

நான்: தாத்தா, உங்களுக்கு ஜூன் 1 தானே? ஒரு நாளில் இளையராஜாவைத் தவறவிட்டீர்கள்.

தாத்தா: ஜூன் 1 என் பிறந்த நாள் இல்லை.

நான்: என்ன தாத்தா சொல்கிறீர்கள்? ஆதாரில் அதுதானே இருக்கிறது? கேக் எல்லாம் வெட்டினோமே?

தாத்தா: நீங்கள் வெட்டினீர்கள். நான் தின்றேன்.

தாத்தா: (குரல் செய்தி, 2 நிமிடம் 6 நொடி)

நான்: தாத்தா, மழைச் சத்தம்தான் கேட்கிறது. பின்னால் நாய் வேறு குரைக்கிறது.

பெரியத்தை: காட்டெருமை வந்திருக்கும். இரு, எனக்குத் தெரிந்த கதைதான். எழுதுகிறேன். அப்பாவைப் பள்ளியில் சேர்க்க அழைத்துப் போயிருக்கிறார்கள். எஸ்டேட்டில் பிறந்த பிள்ளைக்கு எந்தக் காகிதமும் கிடையாது. வாத்தியார் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்லியிருக்கிறார். தொட்டுவிட்டார். ஐந்து வயது முடிந்தது என்று அர்த்தம். பள்ளி திறந்தது ஜூன் மாதம். பதிவேட்டில் ஜூன் 1 என்று எழுதிவிட்டார்.

தாத்தா: எனக்குக் கை நீளம்.

தாத்தா: எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் ஜூன் 1.

அண்ணன்: அப்படியென்றால் தாத்தாவோடு பிறந்த நாளைப் பகிர்ந்துகொள்கிறவர்கள் நீலகிரியிலேயே ஆயிரக்கணக்கில் இருப்பார்கள்.

நான்: நிஜமான தேதி என்ன தாத்தா?

தாத்தா: தீபாவளி முடிந்து மறுநாள், ஐப்பசி மழை. பாதை சரிந்து மருத்துவச்சி வரமுடியவில்லை. அம்மா சொன்னது அவ்வளவுதான்.

நான்: அக்டோபர் 10-ஆக இருக்கலாமா? இரண்டு பேரும் ஒரே நாள் என்று பிரேயரில் சொல்லிவிடுவேன்!

பெரியத்தை: ஆசையாகத்தான் இருக்கிறது கண்ணு. ஆனால் அக்டோபர் 10 புரட்டாசியில் வரும். ஐப்பசி பிறக்க அப்புறமும் ஒரு வாரம் ஆகும். சேராது.

தாத்தா: ஐப்பசி என்றால் ஐப்பசி.

தாத்தா: அந்தக் கணக்கில் ஐந்து மாதம் முன்னாலேயே ரிட்டயர் ஆனேன். அதுவும் மே மாதம். இலை குவிகிற நேரம். ஃபேக்டரியில் இரவு பகலாக மெஷின் ஓடுகிறது, எனக்கு மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். புது டீமேக்கர் அந்த வாரமே ரோலரில் இலையைக் கெடுத்தான்.

பெரியத்தை: அப்பா இத்தனை வரி எழுதி இப்போதுதான் பார்க்கிறேன்.

தாத்தா: ஐந்து மாதச் சம்பளம் யார் தருவார்கள்?

அக்டோபர் 9

அம்மா: நாளைக்கு மாவட்டம் முழுக்கப் பள்ளி லீவு. மழை. டிவியில் சொல்லிவிட்டார்கள்.

நான்: என் பேச்சு!!!

சித்தப்பா: அட்வான்ஸ் பிறந்த நாள் வாழ்த்துகள். மேட்டுப்பாளையத்திலிருந்து வர்க்கி வாங்கி வரட்டுமா?

அம்மா: வர்க்கியை மலையிலிருந்து கீழே வாங்கிக்கொண்டு போவார்கள். நீங்கள் கீழேயிருந்து கொண்டு வருகிறேன் என்கிறீர்கள். பாதை சரியாகட்டும், வெறும் கையோடு வாருங்கள் போதும்.

அக்டோபர் 10

அண்ணன்: பிறந்த நாள் வாழ்த்துகள். பிரேயர் இங்கேயே நடக்கட்டும். பேசு.

நான்: (குரல் செய்தி, 3 நிமிடம் 12 நொடி)

கூடலூர் அத்தை: நன்றாக இருந்தது மோளே. எம்.டி.யைச் சேர்த்ததற்கு நன்றி.

அண்ணன்: ராஜமௌலி எங்கே? கிளாவெல் எங்கே? தாத்தா காதைத் தொட்டதற்கு ஒரு முழு நிமிடம் கொடுத்திருக்கிறாய்.

நான்: மூன்று நிமிடம்தான் கொடுத்திருந்தார்கள். மிஸ்ஸுக்கும் அனுப்பினேன். திங்கட்கிழமை பேசச் சொல்லிவிட்டார். அவருக்கும் சான்றிதழில் ஒன்று, வீட்டில் ஒன்றாம்.

சித்தப்பா: நபகோவ் பேரைச் சரியாக உச்சரித்தாய். அது ஒன்றே போதும்.

தாத்தா: நாராயணுக்கு ஜாதகம் சேரவில்லை என்கிற இடத்தை மட்டும் தனியாக அனுப்பு. பாட்டி கேட்க வேண்டுமாம்.

நான்: எதற்கு தாத்தா?

தாத்தா: எனக்கு ஜாதகமே கிடையாது. பெயர்ப் பொருத்தம் மட்டும் பார்த்துத்தான் கட்டிக்கொடுத்தார்கள். அதைச் சொல்லி இத்தனை வருடமாக இவள்

தாத்தா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தாத்தா: பாட்டி போனை வாங்கிவிட்டாள். நான் பாட்டி பேசுகிறேன். எழுதுவது பக்கத்து வீட்டுப் பையன். பிறந்த நாள் நன்றாக இரு தங்கம். கேசரி செய்திருக்கிறேன், மழை விட்டதும் வா. அந்த ராஜம் கதையை அனுப்பு.