பாத்திக்கு எத்தனை லோடு மண் வேண்டும்? கொஞ்சம் அவசரம்

வெண்டைப்பிஞ்சு: வணக்கம். வீட்டில் காய்கறிக்கு மூன்று பாத்தி கட்டியிருக்கிறோம். ஒவ்வொன்றும் 10-க்கு 4 அடி. மண்காரர் இரண்டு யூனிட் என்கிறார். சரியா? நாளைக் காலை வண்டி வருகிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.

தேனிக்காரன்: ஆழம்?

மாடிவீட்டு அக்கா: எதில் கட்டினீர்கள், செங்கல்லா, ஹாலோ பிளாக்கா? 10-க்கு 4 உள்ளளவா, வெளியளவா? அடியில் சிமெண்ட் தரையா, மண்ணா?

நார்க்கழிவு ரசிகர்: மண்ணே வேண்டாம் நண்பரே. முழுக்க கோகோபீட் (தென்னை நார்க்கழிவு), மண்புழு உரம் போதும். எடையும் இல்லை, களையும் இல்லை.

பழைய ஓவர்சியர்: நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கினால் கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட். எட்டாம் வகுப்புக் கணக்கு. இதற்கு ஒரு கேள்வி, அதில் அவசரம் வேறு. உயரத்தைச் சொல்லாமல் கேட்டால் மண்காரர் இரண்டு என்ன, நான்கு யூனிட்கூடச் சொல்வார்.

வெண்டைப்பிஞ்சு: ஹாலோ பிளாக், இரண்டு வரிசை. 6 இஞ்ச் கல். 10-க்கு 4 வெளியளவுதான்.

மாடிவீட்டு அக்கா: அங்கேதான் மண் குறைகிறது தம்பி. இரண்டு பக்கமும் அரை அடி அரை அடி கல்லே எடுத்துக்கொள்ளும். உள்ளே 9-க்கு 3, அதாவது 27 சதுர அடி. வெளியளவில் 40. மூன்றில் ஒரு பங்கு காணாமல் போச்சு. இரண்டு வரிசைக்கு உயரம் 16 இஞ்ச். தண்ணீர் நிற்க மேலே 2 இஞ்ச் விட்டால் 14. ஒரு பாத்திக்கு 31.5 கன அடி. மண்காரர் வெளியளவை 16 இஞ்சால் பெருக்கி 160 கன அடி என்று பிடித்து, அதை இரண்டு யூனிட்டாக்கியிருப்பார்.

தேனிக்காரன்: அக்கா கணக்கு சரி. ஆனால் 31.5 என்பது அமுங்கிய பிறகு வேண்டிய அளவு. மண்ணையும் எருவையும் கலக்கும்போதே அளவு குறையும், நாலு தடவை தண்ணீர் விட்டால் இன்னும் இறங்கும். ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். அதில் பாதிதான் செம்மண். கால் பங்கு மக்கிய தொழு உரம், கால் பங்கு நார்க்கழிவு.

காவிரிக்கரை: எதற்கு அவ்வளவு வாங்க வேண்டும்? அடியில் அரை அடிக்கு வாழைத்தண்டு, காய்ந்த தென்னை மட்டை, சருகு போட்டு மிதியுங்கள். மண் செலவு பாதி.

பழைய ஓவர்சியர்: கரையானுக்கு விருந்து. மட்டை மக்கியதும் பாத்தி அரை அடி உள்வாங்கும். அப்போது இன்னொரு லோடுக்கு இங்கே வந்து கேட்பார்.

காவிரிக்கரை: வேப்பம்புண்ணாக்கு கலந்தால் கரையான் வராது சார். எங்கள் ஊரில் பரம்பரையாகச் செய்கிறோம்.

பழைய ஓவர்சியர்: புண்ணாக்கு மக்கும்வரை வராது. அப்புறம்?

காவிரிக்கரை: அப்புறம் மறுபடி போடுவோம். வாழைத்தண்டில் நீர் அதிகம், கரையான் தேடிப் போவது காய்ந்த மட்டையை. மட்டையை வேண்டுமானால் விட்டுவிடுகிறேன், தண்டை விட மாட்டேன்.

நார்க்கழிவு ரசிகர்: என் கோகோபீட்டில் இதுவரை கரையானே வந்ததில்லை.

மாடிவீட்டு அக்கா: கரையானை அப்புறம் பார்க்கலாம். தம்பி, அடியில் என்ன தரை என்று கேட்டேனே?

வெண்டைப்பிஞ்சு: இரண்டு பாத்தி பின்பக்கம் மண் தரையில். ஒன்று போர்டிகோ மேலே. அங்கேதான் வெயில் நன்றாக இருக்கிறது.

தேனிக்காரன்: போர்டிகோ மேலேயா!

பழைய ஓவர்சியர்: இதை முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 என்ற கட்டடச் சுமைக்கான இந்தியத் தரவிதி வைத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. 14 இஞ்ச் மண் கலவை நனைந்தால் சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தாண்டும், ஹாலோ பிளாக் எடை தனி. உங்கள் போர்டிகோ தூண் இல்லாமல் சுவரிலிருந்து நீட்டிய ஸ்லாப் என்றால் இன்னும் மோசம். மண்ணை ஏற்றாதீர்கள். கட்டிய கல்லையும் இறக்குங்கள்.

நார்க்கழிவு ரசிகர்: அதற்குத்தான் முதலிலேயே சொன்னேன், எடை இல்லை என்று.

பழைய ஓவர்சியர்: நனைந்த நார்க்கழிவைத் தூக்கிப் பார்த்ததுண்டா?

மாடிவீட்டு அக்கா: நான் மாடியில் வைத்திருப்பது எல்லாம் பைதான். கைப்பிடிச் சுவர் ஓரமாக, கீழே சுவர் இருக்கும் இடமாகப் பார்த்து. போர்டிகோவில் அதுகூட வேண்டாம்.

இரண்டு பாத்திக்கு மட்டும் கணக்கு போடுகிறேன். 63 கன அடி, அமுங்குவதற்குக் கூட்டினால் 75 சொச்சம். செம்மண் 38 கன அடி, அரை யூனிட்டுக்கும் குறைவு. தொழு உரம் 19 கன அடி. காலி சிமெண்ட் சாக்கு ஒன்றில் ஒன்றேகால் கன அடி பிடிக்கும், அப்படிப் பார்த்தால் 15 சாக்கு. நார்க்கழிவு 5 கிலோ கட்டி ஊறினால் இரண்டு கன அடிக்குக் கொஞ்சம் மேல் வரும், 9 கட்டி வாங்குங்கள். அடித்தரையைக் கடப்பாரையால் நெகிழ்த்திவிட்டுக் கொட்டினால் வேர் கீழேயும் இறங்கும்.

தேனிக்காரன்: வண்டி வந்ததும் கொட்டவிடாதீர்கள். டிரெய்லரின் உள்நீளம், அகலம், மண் நிற்கும் உயரம் மூன்றையும் டேப்பில் அளங்கள். ‘ஒரு லோடு’ என்பது வண்டிக்கு வண்டி மாறும். கையில் எடுத்தும் பாருங்கள். வீட்டு அஸ்திவாரத்துக்கு நிரப்புகிற கிராவலைச் செம்மண் என்று அனுப்புவார்கள், நிறம் ஒன்றுதான். கல்லும் சரளையுமாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

காவிரிக்கரை: செம்மண்ணைவிட ஏரி வண்டல் நல்லது.

தேனிக்காரன்: தனியாகப் போட்டால் காய்ந்ததும் வெடிக்கும். செம்மண்ணோடு கலந்தால் நல்லதுதான். ஆனால் ஏரியில் எடுக்க அனுமதி வேண்டும், நாளைக் காலைக்குள் நடக்காது.

வெண்டைப்பிஞ்சு: நன்றி எல்லோருக்கும். அரை யூனிட் போதும் என்று சொல்லிவிட்டேன். சின்ன வண்டிக்கு வாடகை அதேதான் என்கிறார்.

பழைய ஓவர்சியர்: வாடகை அப்படித்தான். போர்டிகோ கல்லை இறக்கியாச்சா?

மாடிவீட்டு அக்கா: தம்பி?

வெண்டைப்பிஞ்சு: இறக்கியாச்சு. வேலைப்பளு, அதனால் தாமதம். இரண்டும் நிரம்பி நாலைந்து சாக்கு மண் மிச்சம். பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள், கொடுத்துவிடவா?

தேனிக்காரன்: கொடுக்காதீர்கள். தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள். ஒரு மழைக்குப் பாத்தி இறங்கும், அப்போது வேண்டும்.